புதுச்சேரி: 2006இல் பிறந்த பெயர் அல்ல

புதுச்சேரி என்பது 2006ஆம் ஆண்டு அரசாங்கம் வைத்த பெயர். ஊரின் உண்மையான பெயர் பாண்டிச்சேரி. அதைத் தந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். முந்நூறு ஆண்டுகளாக உலகம் அறிந்த பெயரை மொழிப்பற்றின் பேரால் அழித்துவிட்டார்கள். படித்தவர்களும் இன்று தயங்காமல் சொல்லும் கருத்து இது. சுற்றுலாக் கையேடுகள் இதை அச்சிடுகின்றன, வழிகாட்டிகள் பயணிகளிடம் ஒப்பிக்கிறார்கள், ஊரில் பிறந்து வளர்ந்த இளைஞர்களும் நம்புகிறார்கள்.

இந்தக் கருத்துக்குச் சில கிளைகளும் உண்டு. பாண்டியர் ஆண்டதால் பாண்டிச்சேரி என்பது ஒன்று. ‘சேரி’ என்று முடியும் பெயர் ஒரு தலைநகருக்கு அழகல்ல என்பது இன்னொன்று. ஊரின் மூலப்பெயர் வேதபுரி, மற்றவை எல்லாம் பின்னால் வந்தவை என்பது மூன்றாவது.

இதை நம்புகிறவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்கள் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2006க்கு முன் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டங்கள், பாஸ்போர்ட்டுகள், பத்திரங்கள் எல்லாவற்றிலும் ‘பாண்டிச்சேரி’தான் இருந்தது. 1962ஆம் ஆண்டின் பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம் இந்தப் பகுதியை இந்திய ஒன்றியத்தின் அட்டவணையில் சேர்த்தபோதும் அப்படித்தான் எழுதியது. சென்னையிலிருந்து பேருந்து ஏறுகிறவர் இன்றும் ‘பாண்டி’க்குத்தான் டிக்கெட் கேட்கிறார். பிரெஞ்சு நூல்கள் அனைத்திலும் ‘பொந்திஷெரி’ என்ற வடிவமே இருக்கிறது. எனவே பழையது இது, புதியது அது என்ற முடிவுக்கு ஒருவர் வருவது இயல்பே. ஆனால் அந்த முடிவு தவறு. அதன் ஒவ்வொரு படியும் தவறு.

1. சட்டம் மாற்றியது எதை?

பாண்டிச்சேரி பெயர் மாற்றச் சட்டம் 2006இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் செய்த வேலை ஒன்றுதான்: ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த பெயரை எடுத்துவிட்டு, தமிழர் சொல்லும் பெயரை அதே ஆங்கில எழுத்தில் வைத்தது. தமிழில் புதுச்சேரி என்று எழுதிவந்த எவரும் அன்று காலையில் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை.

மெட்ராஸ் சென்னையானதோடு இதை ஒப்பிடுகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. மெட்ராஸ், சென்னை என்பவை இரண்டு தனிப்பெயர்கள். இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. எது மூத்தது, எது எந்தப் பகுதியைக் குறித்தது என்று அங்கே வாதிட இடம் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. புதுச்சேரியும் பாண்டிச்சேரியும் ஒரே பெயரின் இரண்டு எழுத்து வடிவங்கள். ஒன்று மூலம், மற்றது அதன் நகல். மூலத்தை நகலின் இடத்தில் வைப்பதைப் பெயர் மாற்றம் என்று சொல்வதே பொருத்தமில்லை.

2. பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் என்றால், பிரெஞ்சில் அதற்குப் பொருள் என்ன?

ஒன்றும் இல்லை. ‘பொந்திஷெரி’ என்ற சொல்லைப் பிரெஞ்சு மொழியில் எப்படிப் பிரித்தாலும் எந்தப் பொருளும் கிடைக்காது. பெயர் வைக்கிறவர்கள் தம் மொழியில் பொருளற்ற ஓசையை ஏன் வைக்க வேண்டும்?

பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்தபோது எப்படி வைத்தார்கள் என்பதற்கு இந்தியப் பெருங்கடல் முழுவதும் சான்று கிடக்கிறது. மொரீஷியஸ் தீவுக்கு ‘பிரான்சின் தீவு’ என்று பெயரிட்டார்கள். அதன் துறைமுகத்துக்குத் தம் மன்னர் பெயரால் போர்ட் லூயி என்றார்கள். ரீயூனியன் தீவுக்கு அரச குடும்பத்தின் பெயரால் பூர்போன் என்றார்கள். புதுச்சேரியிலேயே தாங்கள் கட்டிய கோட்டைக்கு லூயி கோட்டை என்று பெயர் வைத்தார்கள். தெருக்களுக்குத் தம் ஆளுநர்கள் பெயரைச் சூட்டினார்கள். தாங்கள் உருவாக்கியதற்கு எல்லாம் தம் மொழியில், தம் மன்னர், ஆளுநர் பெயரில் பெயர் வைத்தவர்கள், ஊருக்கு மட்டும் வைக்கவில்லை. காரணம் எளியது: ஊருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது.

சுற்றியுள்ள ஊர்களையும் பார்க்கலாம். பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், திருபுவனை, உழவர்கரை, காரைக்கால் எல்லாம் பிரெஞ்சு ஆட்சியின் ஆவணங்களில் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலோடு வருகின்றன. உழவர்கரை அவர்கள் எழுத்தில் ‘உல்காரே’ ஆனது. அதற்காக உழவர்கரை பிரெஞ்சுப் பெயர் என்று யாரும் சொல்வதில்லை. கேட்ட தமிழ்ப் பெயரைத் தம் எழுத்தில் பதிந்தார்கள் என்றே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பக்கத்து ஊர்கள் அனைத்துக்கும் செல்லும் விதி தலைநகருக்கு மட்டும் எப்படிச் செல்லாமல் போகும்?

கால வரிசையும் இதையே சொல்கிறது. பீஜப்பூர் சுல்தானின் சார்பில் வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடியிடம் 1673இல் பிரெஞ்சுக்காரரான பெல்லாஞ்சே தெ லெஸ்பினே இங்கே வியாபாரம் செய்ய அனுமதி பெற்றார். 1674இல் சாந்தோம் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போனபின் பிரான்சுவா மர்த்தேன் இங்கே நிலைகொண்டார். ஏற்கெனவே இருந்த ஓர் ஊரில், நெசவாளரும் மீனவரும் வணிகரும் வாழ்ந்துகொண்டிருந்த ஓர் இடத்தில், வியாபாரம் செய்ய அனுமதி கேட்டு வந்தவர்கள் அவர்கள். துணி கிடைக்கும் துறை என்பதால்தான் இந்த இடத்தைத் தேடி வந்தார்கள். வெற்று மணல்மேட்டில் வந்து இறங்கியவர்கள் அல்லர்.

3. அக்காலத்து ஆங்கிலேயர் காதில் விழுந்தது எது?

பிரெஞ்சுக்காரர் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் தம் எதிரிகள் குடியேறிய ஊரைக் கவனித்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய 1680ஆம் ஆண்டுக் குறிப்பில் ஊரின் பெயர் ‘புட்டிச்சேரி’ என்று ஒலிக்கத்தக்க எழுத்துக் கூட்டலில் இருக்கிறது. 1683ஆம் ஆண்டுக் குறிப்பில் ‘புல்லிச்சேரி’ என்று வருகிறது, பக்கத்திலுள்ள வீராம்பட்டினத்தின் பெயரோடு சேர்த்து.

இந்த இரண்டு வடிவங்களும் மிக முக்கியமான சாட்சிகள். இரண்டிலும் முதலெழுத்து ‘பு’. இரண்டிலும் மெல்லின எழுத்து இல்லை. ‘பாண்டி’ என்றோ ‘பொந்தி’ என்றோ உள்ளூர் மக்கள் சொல்லியிருந்தால், அதைக் கேட்டு எழுதிய ஆங்கிலேயர் நடுவிலுள்ள மூக்கொலியைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே மென்மையாக ஒலிக்கும் தகரம் ஐரோப்பியர் காதில் ஒருமுறை டகரம்போலவும் ஒருமுறை லகரம்போலவும் விழுந்திருக்கிறது. ‘புது’ என்ற ஒலியிலிருந்து மட்டுமே இந்த இரண்டு பிழைகளும் பிறக்க முடியும். மெட்ராஸிலிருந்து எழுதியவர்களுக்குத் தமிழ்ப்பற்று கிடையாது, 2006ஆம் ஆண்டின் அரசியலும் தெரியாது. அவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள்.

‘பு’ எப்படி ‘பொந்’ ஆனது என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. பிரெஞ்சில் உகர ஒலியை ‘ஓ’, ‘யூ’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். கையெழுத்தில் ‘யூ’வும் ‘என்’னும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் ‘பு’ என்பது ‘பொன்’ ஆகிவிடும். இது ஊகம், ஆனால் பொருந்தும் ஊகம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ–இந்தியச் சொற்களஞ்சியமும் இந்தப் பெயரின் மூலம் தமிழ்ப் புதுச்சேரியே என்று பதிந்திருக்கிறது. ஆங்கிலேய அறிஞர்கள் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவைத்த செய்தியைத் தமிழர்கள் இன்று மறந்து நிற்கிறார்கள்.

4. ‘பாண்டி’ பாண்டியரிடமிருந்தா வந்தது?

வாதத்துக்காக இதையும் நேர்மையாக எடைபோட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியரின் கை தொண்டை மண்டலம் வரை நீண்டது. புதுச்சேரிப் பகுதியிலும் அவர்கள் ஆட்சி இருந்தது. ஆனால் ஓர் அரச மரபு ஓர் இடத்தை ஆண்டது என்பதும், அந்த இடத்தின் பெயர் அந்த மரபால் வந்தது என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை நிறுவிவிட்டதாக நினைப்பதுதான் இந்த வாதத்தின் அடிப்படைக் கோளாறு.

ஒலியை உற்றுக் கேட்டால் ‘பாண்டி’ எந்த வழியாக வந்தது என்பது தானே தெரியும். பிரெஞ்சுத் தகரம் பல்லொலி. அதைத் தமிழர் தகரமாகவே வாங்கினார்கள். ‘மதாம்’ என்ற சொல் புதுச்சேரித் தமிழில் இன்றும் தகரத்தோடுதான் நிற்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் பெயரும் ‘து’வில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தின் அதே எழுத்தோ தமிழர் காதில் டகரமாக விழுகிறது: டாக்டர், டிப்போ, டிகிரி, லண்டன். இனி முதலிலுள்ள உயிரொலியைப் பார்க்கலாம். ஆங்கிலக் குற்றொகரத்தைத் தமிழர் பெரும்பாலும் ஆகாரமாக்குகிறார்கள்: ஆபீஸ், காலேஜ், டாக்டர், லாட்டரி. இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே சொல்லில் சேர்ந்து வருவதைப் ‘பாண்டுப் பத்திரம்’ என்பதிலுள்ள ‘பாண்டு’வில் காணலாம்.

அதே வழியில் வந்ததே பாண்டிச்சேரியின் பாண்டியும். நேராகப் பிரெஞ்சிலிருந்து வந்திருந்தால் தமிழில் அது ‘பொந்திச்சேரி’ போன்ற ஓர் ஒலியாகவே நின்றிருக்கும். ணகரமும் டகரமும் ஆகாரமும் சேர்ந்து ஆங்கில வழியைத்தான் காட்டுகின்றன. புதுச்சேரி என்ற தமிழ்ப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் திரிந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கில உச்சரிப்பில் தமிழுக்கே திரும்பி வந்து, தமிழருக்குப் பழகிய பாண்டி என்ற சொல்லின் சாயலால் இங்கே வேர்கொண்டது. பாண்டியருக்கு இதில் பங்கில்லை. பிரெஞ்சுப் பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று நம்பிப் ‘பாண்டிச்சேரி’யைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்மையில் காப்பது மெட்ராஸ் ராஜதானியின் ஆங்கில உச்சரிப்பை.

5. தமிழில் எழுதியவர்கள் என்ன எழுதினார்கள்?

இந்த விவாதத்தில் அதிகம் புறக்கணிக்கப்படும் கேள்வி இதுதான். ஊரின் பெயரைத் தேடி எல்லோரும் ஆங்கில ஆவணத்தையும் பிரெஞ்சு வரைபடத்தையும் புரட்டுகிறார்கள். தமிழில் எழுதப்பட்டதைப் பார்ப்பதில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக இருந்தவர், பிரெஞ்சுக் கும்பினியின் உள்விவகாரம் அனைத்தும் அறிந்தவர். பிரெஞ்சு ஆட்சியை அவரைவிட நெருக்கமாகக் கண்ட தமிழர் அந்த நூற்றாண்டில் இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் பெயர்களையும் பதவிகளையும் ஒலிபெயர்த்துத் தாராளமாக எழுதியவர், ஊரின் பெயரைப் புதுச்சேரி என்றே எழுதினார். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் வேறொன்றாக இருந்திருந்தால் அதை முதலில் எழுதியிருக்க வேண்டியவர் அவர்.

அந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் இயல்பாகவே ஆங்கில வடிவத்தைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர்கள் பிள்ளையே ‘பாண்டிச்சேரி’ என்று எழுதியதாக நினைத்துக்கொண்டார்கள். பிழை பரவிய வழிகளில் இதுவும் ஒன்று.

பின்னால் வந்தவர்களும் அதே வழியில் எழுதினார்கள். பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊரைத் தமிழ் இலக்கிய உலகம் புதுச்சேரி என்றும் புதுவை என்றுமே அறிந்தது. 1930இல் தொடங்கிய சுயமரியாதை இயக்க ஏட்டின் பெயர் ‘புதுவை முரசு’. பாரதிதாசன் மரபில் வந்த கவிஞர் தம் பெயரோடு ஊரைச் சேர்த்துப் ‘புதுவைச் சிவம்’ ஆனார். கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்மறைமாவட்டம் ஆங்கிலத்தில் இன்றும் பழைய வடிவத்தைத்தான் எழுதுகிறது. தமிழில் அது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் பழைய பெயரோடு இருக்கிறது, தமிழில் புதுவைப் பல்கலைக்கழகம்.

‘புதுவை’ என்ற குறுக்கம் தனியாகவே ஒரு சான்று. தஞ்சாவூர் தஞ்சையாகும், திருநெல்வேலி நெல்லையாகும், நாகப்பட்டினம் நாகையாகும். நீண்ட காலம் நாவில் புழங்கிய ஊர்ப்பெயர்கள்தாம் இப்படி மரூஉ ஆகின்றன. 2006இல் பிறந்த பெயருக்கு 1930இல் மரூஉ எப்படிக் கிடைத்தது?

6. ‘சேரி’ இழிவா?

வெளிப்படையாகச் சொல்லப்படாமல், ஆனால் பலர் மனத்தில் இருக்கும் மறுப்பு இது. பாண்டி என்று சொல்லும்போது நவீனமாக இருக்கிறது, புதுச்சேரி என்னும்போது கடைசி இரண்டெழுத்து உறுத்துகிறது என்கிறார்கள். அந்த உறுத்தலை மரியாதையோடு விட்டுவிட முடியாது. அதன் வேர் சாதியில் இருக்கிறது.

சேர்ந்து வாழும் இடம் சேரி. பழந்தமிழில் அது எல்லாருடைய குடியிருப்புக்கும் பொதுவான சொல். உத்திரமேரூரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை, அந்தப் பிராமண ஊரின் பன்னிரண்டு சேரிகளைப் பேசுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய நானூறு ஆடல் மகளிருக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவையும் வருகின்றன. பொதுச்சொல் மெல்ல மெல்ல ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகச் சுருக்கப்பட்டது. ஊர் என்பதைத் தமக்கு வைத்துக்கொண்டு, சேரி என்பதை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டவர்கள் செய்த வேலை அது.

அப்படியானால் வெட்கப்பட வேண்டியது யார்? சொல்லா, அதை இழிவுக்குப் பயன்படுத்தியவர்களா? சேரி என்று முடிவதால் ஊர்ப்பெயரை மறைக்க நினைக்கிறவர், சேரியில் வாழ்வோரை இழிவாகக் கருதும் பார்வையை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார். சென்னை வேளச்சேரியில் வீடு வாங்குகிறவர்கள் முகவரியைச் சொல்லக் கூசுவதில்லை. கேரளத்தின் தலைச்சேரியும் மட்டாஞ்சேரியும் சங்ஙனாச்சேரியும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மேலும், பாண்டிச்சேரி என்று சொன்னாலும் சேரி அங்கேயே இருக்கிறது. அதைப் ‘பாண்டி’ என்று வெட்டினால்தான் சேரி மறைகிறது. அந்த வெட்டுக்குப் பின்னாலுள்ள மனநிலையைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது.

7. வேதபுரி மூலப்பெயரா?

ஊரில் வேதபுரீசுவரர் கோயில் இருக்கிறது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது துய்ப்ளே ஆட்சியில் பழைய கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அதை வேதனையோடு பதிந்திருக்கிறார். அந்தக் கோயிலின் தொன்மையை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இறைவன் பெயரிலிருந்து ஊர்ப்பெயரை உருவாக்குவது வேறு செய்தி.

இதே வேதபுரீசுவரர் சென்னையை அடுத்த திருவேற்காட்டில் இருக்கிறார். செய்யாற்றின் திருவோத்தூரில் இருக்கிறார். மயிலாடுதுறைப் பக்கத்துத் தேரழுந்தூரில் இருக்கிறார். அந்த ஊர்களின் பெயர்கள் வேதபுரி அல்ல. அங்கெல்லாம் செல்லாத தர்க்கம் புதுச்சேரிக்கு மட்டும் செல்லாது. பாகூர்ச் செப்பேடுகள் சொல்லும் வித்தியாஸ்தானத்தையும் சிலர் இங்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். பல்லவன் நிருபதுங்கன் காலத்து அந்தச் செப்பேடுகள் ஓர் உயர்கல்வி நிலையத்தைப் பற்றிப் பேசுவது உண்மை. அவை பேசுவது பாகூரைப் பற்றி. கடற்கரைப் புதுச்சேரியைப் பற்றி அல்ல.

8. ‘புது’ என்றால் பழையது அல்ல என்று பொருளா?

பெயரிலேயே புதுமை இருப்பதால் ஊர் அண்மையில் தோன்றியது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. புதுமையும் சேரியும் சேர்ந்து, ‘மை’ விகுதி கெட்டு, வல்லினம் மிக்கு உருவான பண்புத்தொகை இது. புதுக்கோட்டை, புதுப்பட்டினம், புதுச்சத்திரம் எல்லாம் இதே வார்ப்பில் வந்தவை. பெயர் வைத்த நாளில் அது புதிது என்பதைத்தான் அந்த அடைமொழி சொல்கிறது. அந்த நாள் எது என்பதைச் சொல்வதில்லை.

உலகெங்கும் இப்படித்தான். இத்தாலியின் நேப்பிள்ஸ், கிரேக்கர் ‘புதுநகர்’ என்று பொருள்பட வைத்த நியாப்போலிஸ் என்ற பெயரின் திரிபு. அதன் வயது இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். உரோமாபுரியோடு மோதிய கார்த்தேஜின் பெயருக்கும் பினீசிய மொழியில் புதுநகர் என்றே பொருள். ரஷ்யாவின் நோவ்கோரத் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியது. ஜெர்மனியில் ‘புது’வும் ‘நகர’மும் சேர்ந்த நோய்ஷ்டாட் என்ற பெயரில் பல ஊர்கள், பெரும்பாலும் இடைக்காலத்தவை. புது என்ற சொல்லை வைத்து ஊரின் வயதைக் கணிக்கப் புகுந்தால் நேப்பிள்ஸையும் நேற்றுக் கட்டிய நகரம் என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

9. மறுபக்கத்தின் மிகையும் தவறுதான்

புதுச்சேரி என்ற பெயரை ஆதரிப்பவர்களிலும் சிலர் சான்றை மீறிப் போகிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான ‘பெரிப்ளஸ்’ கிழக்குக் கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபத்மா ஆகிய மூன்றைச் சொல்கிறது. தாலமியும் பொதுகேயைக் குறிக்கிறார். பொதுகேதான் புதுச்சேரி, ஆகவே பெயருக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்பது இவர்கள் வாதம்.

அரிக்கமேட்டின் பெருமைக்கு ஐயமே இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அந்த மேட்டை 1937இல் ழுவோ துப்ரேய் அடையாளம் கண்டார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். உரோமானிய நாட்டுப் பானை ஓடுகளும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் மணிகள் செய்த தடயங்களும் அங்கே கிடைத்தன. பின்னர் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் அகழ்ந்து அந்தக் குடியிருப்பின் காலத்தை மேலும் விரிவாகக் காட்டினார்கள். பெரிய துறைமுகம் ஒன்று அங்கே இருந்தது என்பது நிறுவப்பட்ட உண்மை.

அந்தத் துறைமுகமே பொதுகே என்பது வலுவான கருத்து. பொதுகே என்ற ஒலியும் புதுச்சேரி என்ற பெயரும் ஒன்றே என்பது அந்த அளவுக்கு வலுவானதல்ல. ஓசை ஒப்புமையை மட்டும் நம்பினால், புதுகை என்ற மரூஉவைக் கொண்ட புதுக்கோட்டையும் உரிமை கோரலாம். பாண்டி, பாண்டியன் என்ற ஓசை ஒப்புமையை மறுக்கிறவர், தமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் அதே முறையைக் கையாளக் கூடாது. புதுச்சேரி என்ற பெயரின் உரிமைக்குப் பொதுகே தேவையும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் கையெழுத்தும் புனித ஜார்ஜ் கோட்டையின் குறிப்புகளும் போதும்.

பெயரில் என்ன இருக்கிறது, எதற்கு இத்தனை வாதம் என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. பெயர் பிரெஞ்சுக்காரருடையது என்று நம்பினால், ஊரின் வரலாறு 1674இல் தொடங்கிவிடும். அதற்கு முன் இங்கே தறி நெய்தவர்களும், வீராம்பட்டினத்தில் வலை வீசியவர்களும், வில்லியனூரில் கோயில் எழுப்பியவர்களும் வரலாற்றுக்கு வெளியே போய்விடுவார்கள். பாரம்பரியம் என்றால் கடற்கரையை ஒட்டிய சில பிரெஞ்சுத் தெருக்களும் மஞ்சள் சுவர்களும் மட்டும் என்றாகிவிடும். அந்தத் தெருக்களைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடும்போது, அது பாரம்பரிய இழப்பு என்று யாருக்கும் தோன்றாது. ஒரு தவறான சொல்வரலாறு இப்படித்தான் நகரத் திட்டத்திலும் சுற்றுலாத் திட்டத்திலும் பள்ளிப் பாடத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதனால் யாருடைய வாயையும் கட்ட வேண்டும் என்பதில்லை. பிரெஞ்சில் எழுதுகிறவர்கள் ‘பொந்திஷெரி’ என்றே எழுதலாம், லண்டனை அவர்கள் தம் வழக்கப்படி ‘லோந்த்ர்’ என்று எழுதுவதைப்போல. பழைய ஆங்கில ஆவணங்களை மேற்கோள் காட்டும்போது அவற்றின் வடிவத்தைத் திருத்தவும் தேவையில்லை. பேருந்து நிலையத்தில் பாண்டி என்று கூவுகிறவரைக் குற்றம் சொல்லவும் ஒன்றுமில்லை. பேச்சு அதன் வழியில் போகட்டும்.

ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் புதுச்சேரி என்று எழுத வேண்டும். புதுச்சேரி அரசின் சுற்றுலாத் துறை தன் கையேடுகளில் பெயரின் வரலாற்றை ஒரு பத்தியிலாவது சரியாகச் சொல்ல வேண்டும். பள்ளிப் பாடநூல் எழுதுகிறவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் மூலத்திலிருந்து ஒரு பக்கத்தை மாணவர் கையில் கொடுக்க வேண்டும். ‘2006இல் வைத்த பெயர்’ என்று இனி யாராவது சொன்னால், கேட்பவர் ஒருவராவது அந்த நாட்குறிப்பின் ஆண்டுகளைச் சொல்லித் திருத்த வேண்டும்: 1736 முதல் 1761 வரை.